கலியாணத்துக்குப் பூசிய சுவர்

உங்களில் யாராவது சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். நான் தூங்கியிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அம்மா என் பாயைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடுவார். வெளியே பங்குனி வெயிலில் மண் கொதிக்கும், எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடக்கும். எழும்பும்போது செங்கல்லின் சொரசொரப்பு கன்னத்தில் பதிந்திருக்கும். முகம் கழுவினாலும் கொஞ்ச நேரத்துக்கு அது போகாது.

இப்போதுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அதுக்கு ஏசி இருக்குத்தானே" என்பார்கள். அதனால்தான் நம் வயதுக்காரராகிய உங்களைப் பிடித்து வைத்துச் சொல்கிறேன். கேட்க நேரமில்லாதவர்கள் எழும்பிப் போகலாம், நான் கோபிக்க மாட்டேன். கோபிப்பேன், ஆனால் காட்ட மாட்டேன்.

வீடு இருந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துக்குப் போகிற பக்கம், வாவியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில். அந்த நாளில் எங்கள் அயலில் எல்லாம் களிமண் சுவரும் கிடுகுக் கூரையும்தான். எங்களுடையது ஒன்றுதான் கல்வீடு. அம்மாவின் பாட்டனார் தன்னுடைய வயல் வட்டையிலேயே களி வெட்டி, அச்சில் அடித்து, வயல் ஓரத்தில் சூளை வைத்துச் சுட்டு, சுண்ணாம்புச் சாந்தால் கட்டினாராம். உள்ளும் புறமும் பூசவில்லை. சூளையின் நடுவில் வெந்த கற்கள் கருஞ்சிவப்பு. ஓரத்தில் இருந்தவை வெளிறிப்போனவை. எல்லாம் கலந்துதான் சுவரில் இருந்தன. கல் அறுத்தவர்களின் விரல் அடையாளங்கூடச் சில கற்களில் தெரியும். என் விரலை அதில் வைத்துப் பார்ப்பேன், பொருந்தாது, பெரிய ஆம்பிளை விரல்கள்.

முதல் மழை விழுந்ததும் அந்தச் சுவரிலிருந்து ஒரு வாசம் வரும். மண்ணெண்ணெய், மல்லிகை, சந்தனம், எதனுடைய வாசத்தையும் நான் அதற்கு மாற்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாரி முழுக்கச் சுவர் ஈரம் குடித்துக் கறுத்துப்போய் நிற்கும். தை பிறந்து காற்றுத் திரும்பினால் பத்து நாளில் காய்ந்து பழையபடி சிவந்துவிடும். ஒவ்வொரு வருடமும் இதுதான் நடந்தது. நாங்கள் அதை ஒரு விசயமாகவே நினைக்கவில்லை. அக்கா ஒருத்தி மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கு ஒன்பது. இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு பெண்ணுக்கு. அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்தார், அம்மா அக்காவுக்குக் கொடுப்பார். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறுவார். தாய் தகப்பன் பின் வளவில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொண்டு மிச்சப் பிள்ளைகளோடு ஒதுங்கிவிடுவார்கள். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பது கால்பங்கு, வீட்டைப் பார்ப்பது முக்கால்பங்கு. அக்காவைக் கேட்டு அந்த வருடம் பெரும்போக வெட்டு முடிந்த கையோடு கிரான் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் மாமி ஒருவர் வந்திருந்தார். காதில் பெரிய தோடு, வாயில் வெற்றிலை, தடித்த உடம்பு. அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பி வீட்டைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் போனேன். தெற்குச் சுவரடியில் நின்று உள்ளங்கையைக் கல்லில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு அப்படியே வந்து பாயில் இருந்துகொண்டார். போகும்வரைக்கும் வீட்டைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அவர்கள் வண்டி ஒழுங்கையைத் தாண்டியதும் அப்பா சால்வையைத் தூக்கி எறிந்தார்.

"பாத்தியா? செவரத் தொட்டுப் பாத்தித்து ஒண்ணும் பேசாமப் போறா. பூசாத வீட்டக் காட்டி என்ட மானத்த வாங்கித்தீங்க."

"அவ ஒண்ணும் குறை சொல்லல்லியே," என்றார் அம்மா.

"சொல்லாட்டி? மனிசிட மூஞ்சியப் பாத்தா விளங்காதா? டவுண்ல இப்ப எல்லாரும் சீமெந்து பூசித்தாங்க. நம்மட வீடு மட்டும் தோல் உரிச்ச ஆடு மாதிரி நிக்கிது."

எல்லாம் அந்த ஒரு சாயந்தரத்தில் முடிவாகிவிட்டது. ஆவணியில் கலியாணம் என்று அவர்கள் சொல்லி அனுப்புவதற்கு முன்பே அப்பா டவுனுக்குத் தோணியேறிப் போய்ச் சுவர் பூசுகிற ஒரு மேசனைப் பேசிவிட்டு வந்தார். வீடு முழுக்க, உள்ளும் புறமும், சீமெந்துப் பூச்சு.

அக்கா பேசுகிற பிள்ளை அல்ல. சோற்றில் உப்பில்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிடுவாள். அந்த அக்கா இரவுச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, செவருக்குப் பூசாதேங்க," என்றாள்.

அப்பா நிமிர்ந்தார். அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார்.

"ஏன்?"

"இப்பிடியே இருக்கட்டும் அப்பா. பூசினா பழுதாப் போயிரும்."

"பூசினா பழுதாப் போகுமா! டவுண்ல இருக்கிற மேசனுக்குத் தெரியாதது இவவுக்குத் தெரியும்."

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அம்மா அன்று என் பாய்க்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாய் எதை நினைத்துப் பயப்படுவார் என்று இப்போது எனக்குத் தெரியும். வீடு பூசினால் கலியாணம். கலியாணத்துக்காகப் பூசுகிற வீட்டைப் பூச வேண்டாம் என்கிறாள் என்றால், யாரோ ஒருத்தன் இருக்கிறான். ஊரில் எந்த இளந்தாரி எங்கள் ஒழுங்கையால் போனாலும் அதன்பின் அம்மா வாசலுக்கு வந்து நின்றார். பாவம், எங்கள் ஒழுங்கையால் போனவனெல்லாம் மாட்டைத் தேடித்தான் போனான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கிணற்றடியில் பெண்கள் குளிப்பதற்கு ஒரு மறைப்புச் சுவர் இருந்தது. அதுவும் அதே சூளைக் கல். முந்தைய வருடம் கோயில் வேலையில் மிஞ்சின அரை மூடை சீமெந்தை வாங்கி வந்து அப்பாவே அதற்குப் பூசியிருந்தார். நல்ல வழுவழுப்பாய், சாம்பல் நிறமாய் நின்றது. மேசன் வருவதற்கு இரண்டு நாளைக்கு முன், காலையில் தண்ணீர் அள்ளப் போன அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கையில் ஒரு பெரிய ஆணி. அந்தச் சுவரின் அடியில், பூச்சில் ஒரு வெடிப்பு இருந்த இடத்தில், ஆணியை விட்டு நெம்பினாள். ஒரு தட்டளவு பூச்சு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே கல் இல்லை.

இருந்த இடத்தில் சிவப்பு மா. கையை விட்டதும் பொலபொலவென்று கொட்டியது. அதன்மேல் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. அக்கா அதை உள்ளங்கையில் ஏந்தி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நக்கிப் பாரு."

நக்கினேன். வாவித் தண்ணீரின் கரிப்பு.

"பாத்தியா புள்ள? கல்லு மாரியில தண்ணி குடிக்கும், தையில காத்துக்குக் குடுத்திரும். இத மூடித்தாங்க. குடிச்ச தண்ணி வெளிய போக வழியில்ல. உள்ளுக்குள்ளயே நிண்டு உப்பாகி கல்லத் திண்டித்து. கிணத்தடி ஈரத்துக்கு ஒரு வருசத்தில இப்பிடி. வீடு முழுக்கப் பூசினா என்ன ஆகும்?"

"அப்பாட்டக் காட்டு," என்றேன்.

"காட்டத்தான் போறன். வயலால வரட்டும்."

அவள் காட்டுவதற்கு முன் அம்மா கிணற்றடிக்கு வந்துவிட்டார். பெயர்ந்து கிடந்த பூச்சையும் கீழே கிடந்த ஆணியையும் கண்டார். அக்கா வீட்டுக்குள் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னைக் கையைப் பிடித்துக் அடுப்படிக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"யாரு செவரக் குத்தினது? பொய் சொன்னா வாயில மிளகாய் தேய்ப்பன்."

"அக்கா."

"நீ கண்டயா?"

"ஓம். ஆணியால குத்தினா."

"ஏன் குத்தினா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். நாக்கில் உப்பு இன்னும் இருந்தது. ஆனால் அந்தக் கலியாணத்துக்கு எனக்குச் சரிகைப் பாவாடை வாங்குவதாக அப்பா சொல்லியிருந்தார். ஊதா நிறம். பூச வேண்டாம் என்றால் கலியாணம் இல்லை, கலியாணம் இல்லை என்றால் பாவாடை இல்லை. ஒன்பது வயதுக் கணக்கு அது. பெரியவர்களே அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் எம்மாத்திரம். "தெரியா," என்றேன்.

அப்பா வயலால் வந்ததும் அம்மா சொன்னார். அக்கா செங்கல் மாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் வாய் திறப்பதற்குள் அப்பா அடித்தார். அப்பா அவளை அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. கையிலிருந்த மா அவள் தாவணியெல்லாம் கொட்டியது.

"பூசின செவர இடிச்சித்து, பழுதாப் போச்செண்டு காட்டுறயா? யாருக்காக இந்தக் கூத்து? அவன்ட பேரச் சொல்லு!"

அக்கா பேர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள், பேர் இருந்தால்தானே. அது இன்னும் பிழையாய்ப் போயிற்று. பேர் சொல்லாததால் நிச்சயமாக ஒருத்தன் இருக்கிறான் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

மேசனும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் வந்தார்கள். வைகாசி முழுக்க வீட்டில் சீமெந்து நாற்றம். முதலில் சுண்ணாம்புச் சாந்தை உளியால் தட்டித் தட்டிக் கொத்தினார்கள். இடைவெளியில் பூச்சுப் பிடிக்க வேண்டுமாம். பிறகு ஒவ்வொரு சுவராய் மூடிக்கொண்டு வந்தார்கள். படுக்கிற அறையில் அக்கா சீப்பும் நூல்கட்டையும் கண்ணாடியும் வைக்கிற ஒரு மாடம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஓட்டை என்று நினைப்பார்கள் என்று அதையும் அடைத்துப் பூசினார்கள். சாமான்களை அம்மா ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தார். விரல் அடையாளம் பதிந்த கற்களும் போயின. இரவில் நான் வழக்கம்போலச் சுவரில் கன்னத்தை வைத்தேன். வழுவழுவென்று, சூடாக இருந்தது. பாயை இழுத்துக்கொண்டு நடுவில் போய்ப் படுத்தேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. ஊரே வந்து சுவரைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இரிக்கி," என்றது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் ஊதாப் பாவாடையோடு பந்தல் முழுக்க ஓடினேன். மணவறையில் அக்கா தலை குனிந்திருந்தாள், எல்லோரும் வெட்கம் என்றார்கள்.

அத்தான் தங்கமான மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருநாள், அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம், அத்தான் சாய்ந்து இருந்துகொண்டு பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"எங்கட மாமி இந்த வீட்டப் பாத்தித்து வந்து, அந்த வீட்டுச் செவரில கைய வச்சன், எடுக்க மனமில்ல, அந்த வீட்டில வாழக் குடுத்து வச்சிருக்கோணும் எண்டா. நான் ஆசையா வந்தா, இஞ்ச எல்லாம் சீமெந்து."

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். பின் வளவு வீட்டில் இருந்தார். அவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன பண்ண?

பூச்சு ஐந்தாறு வருடம் நன்றாகத்தான் நின்றது. பிறகு அடியில் ஈரம் ஏறியது. அப்பா மேலே இன்னொரு பூச்சுப் பூசினார். அவருக்குப் பின் அத்தான் பூசினார். பெருஞ்சூறாவளி அடித்த வருடம் ஊரில் பாதி வீடு இல்லை, எங்களுக்கு ஓடுதான் பறந்தது, சுவர் நின்றது. சண்டைக்காலத்தில் இரண்டுதரம் விட்டுவிட்டு ஓடினோம், திரும்பி வரும்போது கதவில்லை, ஜன்னல் இல்லை, சுவர் நின்றது. இத்தனைக்கும் நின்ற சுவரை நாங்கள் உள்ளுக்குள்ளிருந்து உப்புக்குத் தின்னக் கொடுத்திருந்தோம்.

அம்மா போய், அப்பா போய், அத்தானும் போனார். வழக்கப்படி அக்கா தன் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாள். மகள் நல்ல பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், தாயை வைத்துப் பார்க்கிறாள். நான் வாழ்க்கைப்பட்டது டவுன் உத்தியோகக்காரருக்கு, ஆகவே வாவிக்கு இந்தப் பக்கம் கல்லடியில் இருக்கிறேன்.

போன வருடம் பழைய வீடுகளைப் பதிகிறோம் என்று ஒரு இளம்பெண்ணும் இரண்டு பையன்களும் படுவான்கரைக்கு வந்தார்கள். நான் அன்று அக்கா வீட்டில் இருந்தேன். படம் எடுத்தார்கள், அளந்தார்கள், வாசல் வளைவைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் விரல் முட்டியால் சுவரில் தட்டிக்கொண்டே போனாள். தட்டத் தட்ட முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. ஒரு மூலையில் பெயர்ந்திருந்த பூச்சை விலக்கினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அம்மா, இந்தப் பக்கத்தில இவ்வளவு பழைய செங்கல் வீடு மிச்சமே இல்ல," என்றாள் அக்காவிடம். "அந்த நாளில பூசாம விட்டிருந்தா இன்னும் நூறு வருசம் இருக்கும். இதுக்கு யாரம்மா சீமெந்து பூசினது?"

அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நாங்கதான் மகள். தெரியாமப் பூசித்தம்."

என் காதுகள் சுட்டன. தெரியாமலா!

பின்பக்கம் போய்விட்டது, முன்பக்கத்தையாவது காப்பாற்றலாம் என்றாள் அந்தப் பிள்ளை. பூச்சை உரித்து, சுண்ணாம்பால் திருத்தி, பாதுகாக்க வேண்டிய வீடு என்று பதியலாம், வீட்டின் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். உரிமை அக்காவின் மகளுடையது. அவளுக்கு அதில் மனமில்லை. அவளுடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிறது, வீடு பார்க்க வரப்போகிறார்கள்.

"சின்னம்மா, நீங்களே சொல்லுங்க," என்றாள் என்னிடம். "இந்தச் செவரக் காட்டி என்ட புள்ளய எப்பிடிக் குடுக்கிற? இடிச்சித்து மாபிள் போட்டுக் கட்டத்தான் வேணும். அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

"ஒனக்குச் சரியெண்டா சரி மகள்," என்றாள் அக்கா.

அவள் அப்பால் போனதும் நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னகா நீ? வேணாமெண்டு ஒரு சொல்லுச் சொல்லு. ஒன்ட சொல்லக் கேப்பா."

"அண்டைக்கு ஒருக்கா வேணாமெண்டு சொன்னன். கலியாணம் வேணாமெண்டுதான் எல்லாருக்கும் விளங்கினது. இனி, பேத்திட கலியாணத்தக் கிழவி குழப்புறா எண்டு பேர் எடுக்கவா? சும்மா இரி."

இடிக்கிற அன்றைக்கு மட்டும் உன் வீட்டில் வந்து இருக்கட்டுமா என்று கேட்டாள். வந்தாள். காலையில் கீரி மீன் வாங்கியிருந்தேன். சும்மா இருக்க மாட்டாள், என் கையிலிருந்து கத்தியை வாங்கித் தானே மீன் ஆயத் தொடங்கினாள். பதினொரு மணிபோல மகள் போன் எடுத்தாள். அக்காவின் கை மீனாக இருந்ததால் நான்தான் போனை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். எனக்கும் கேட்டது.

"அம்மா, முடிஞ்சிது. பெக்கோ மிசின் தொட்ட உடனே விழுந்திட்டு. உள்ளுக்குக் கல்லே இல்லம்மா, எல்லாம் மா. வெளிப்பூச்சுத்தான் இவ்வளவு காலமும் நிண்டிருக்கு. நல்ல காலம் நம்மட தலையில விழல்ல."

"ஒருத்தருக்கும் காயமில்லத்தானே மகள்? மறுகா பேசுறன்."

போனை வைத்தேன். அக்கா அடுத்த மீனை எடுத்தாள். அறுபது வருடமாக என் வாய்க்குள் கிடந்தது அப்போது தானாக வெளியே வந்தது.

"அக்கா, நீ சொன்னது சரிகா. எனக்கு அப்பவே தெரியும். குசினியில வச்சு அம்மா, ஏன் குத்தினா எண்டு கேட்டா. நான் தெரியா எண்டன். பாவாடைக்காகச் சொன்னன்கா."

அழுதேன். வெட்கமில்லை, அழுதேன். அக்கா மீனின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து ஒதுக்கினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"எனக்குத் தெரியும். அரிசிய வச்சித்து வந்து கதவுக்கு அங்கால நிண்டன். நீ மிச்சத்தயும் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."